இரும்புப் படகின் கூடு: பொட்டு முதல் முழு வெல்டிங் வரை

நாலு மில்லிமீட்டர் தகடுகள் இரண்டைத் தரையில் கிடத்தி, விளிம்புகளுக்கு நடுவே இரண்டு மில்லி இடைவெளி விட்டு, பொட்டு (ஆங்காங்கே வைக்கும் சிறு வெல்டிங்) எதுவும் வைக்காமல் ஒரு முனையிலிருந்து வெல்டிங் ஓட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? கொஞ்ச தூரம் போவதற்குள் எதிர்முனையில் இடைவெளி மூடிக்கொள்ளும். இன்னும் போனால் ஒரு தகடு மற்றதன்மேல் ஏறும். வேலை முடிந்து சூடு ஆறியபின் பார்த்தால், தரையோடு படிந்து கிடந்த தகடுகள் இணைப்பின் இருபுறமும் தூக்கிக்கொண்டு நிற்கும். வெல்டரின் கை சுத்தமானதாகவே இருக்கலாம், வெல்டிங் மணிமணியாக விழுந்திருக்கலாம். தகடு வளைந்ததற்குக் காரணம் அதுவல்ல. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன் பக்கம் இழுக்கிறது. இரும்புப் படகு கட்டுவதில் கற்க வேண்டியவற்றில் பெரும்பங்கு, இந்த இழுப்பைக் கூடு முழுவதற்கும் எப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது என்பதுதான்.

இதை முதலில் தெரிந்துகொண்டவர் மற்றதைப் பட்டறையில் பழகிக்கொள்ளலாம். கப்பல் தளத்தில்தான் கற்க வேண்டும் என்றில்லை. உலகம் அறிந்த இரும்புப் பாய்மரப் படகுகளில் ஒன்றான ‘ஜோஷ்வா’, கடலே எட்டாத பிரெஞ்சு ஊர் ஒன்றில், தகட்டு வேலைப் பட்டறையில் உருவானது. அதன் உரிமையாளர் பெர்னார் முவாத்தெஸியே, ஹனோயில் 1925-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். இரண்டு மரப் படகுகளை அடுத்தடுத்துப் பாறையில் பறிகொடுத்தவர்: ஒன்று இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில், மற்றது கரீபியனில். அவருடைய பயண நூலைப் படித்த ழான் ஃப்ரிக்கோ என்ற பட்டறை முதலாளி இரும்பில் படகு கட்டித் தர முன்வந்தார். ஷோஃபாய் என்ற ஊரில் இருந்த அந்தப் பட்டறையில் சுமார் 12 மீட்டர் நீளப் படகு தயாராகி, 1962-ல் தண்ணீரில் இறங்கியது. 1968-ல் உலகைத் தனியாகச் சுற்றும் போட்டிக்கு அதே படகில் கிளம்பினார் முவாத்தெஸியே. தென்னாப்பிரிக்கா அருகே ஒரு சரக்குக் கப்பல் மோதியதில் முன்னால் நீண்டிருந்த இரும்புக் குழாய் வளைந்தது. கடலிலேயே கப்பியும் கயிறும் கட்டி இழுத்து அதை நிமிர்த்திவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூக்காஸில் புயல் அடித்து இருபதுக்கும் மேற்பட்ட படகுகளைக் கரையில் எறிந்தது. அவற்றில் ஜோஷ்வாவும் ஒன்று. பல படகுகள் நொறுங்கிப்போயின. ஜோஷ்வா நசுங்கியது, மண் நிரம்பியது, ஆனால் மீட்கப்பட்டது. இன்று லா ரொஷெல் கடல்சார் அருங்காட்சியகத்தில் மிதக்கிறது.

இரும்பைத் தேர்ந்தெடுப்பதற்கான நியாயம் இதில் முழுவதும் இருக்கிறது. அடிபட்டால் அது நசுங்கும், உடையாது. நசுங்கியதை எந்தத் துறைமுகத்திலும் ஒரு வெல்டர் சரிசெய்துவிடுவார். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. அதன் பாதகம் எடையும் துருவும்.

எடையைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு, தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 7.85 கிலோ. நாலு மில்லி என்றால் 31.4 கிலோ, ஐந்து மில்லி என்றால் 39.25 கிலோ. கூட்டின் மேற்பரப்பு 50 சதுர மீட்டர் என்று வைத்தால், வெளித்தகடு மட்டும் நாலு மில்லியில் 1,570 கிலோ. ஐந்தில் 1,960 கிலோவைத் தாண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு மில்லி கூட்டிப் போடுகிறவர், ஏறக்குறைய 400 கிலோ கூடுதல் சுமையைப் படகின் ஆயுள் முழுக்கச் சுமக்கிறார். அந்த எடை மேல்தளத்தில் சேர்ந்தால் நிலைப்புத்தன்மையே பாதிக்கப்படும். வரைந்தவர் குறித்த தடிமனை மாற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். மூன்று மில்லிக்குக் கீழே போவதும் சரிப்படாது. மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் அலை அலையாகும், துரு தின்னக் கையிருப்பும் இருக்காது.

தகடு வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது விலையை மட்டுமல்ல. இந்தியச் சந்தையில் எளிதாகக் கிடைப்பது ஐஎஸ் 2062 தரத்தில் வரும் கட்டுமான இரும்பு. அதில் இ250 வகையிலேயே ஏ, பிஆர், பி0, சி என்று உட்பிரிவுகள் உண்டு. பிஆர் அறை வெப்பத்திலும், பி0 பூஜ்ஜியம் டிகிரியிலும், சி மைனஸ் 20 டிகிரியிலும் சம்மட்டியால் அடித்து உடைத்துப் பார்க்கும் சம்மட்டிச் சோதனைக்கு உள்ளாகின்றன. பதிவுச் சான்று தேவைப்படும் படகு என்றால் கப்பல் தரத் தகடே வேண்டும். எதை வாங்கினாலும் தகட்டில் குத்தியிருக்கும் ஹீட் நம்பரும், கடைக்காரர் தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று லாரியில் ஏற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும். வெட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

அந்தச் சம்மட்டிச் சோதனைக்குப் பின்னால் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. முழுக்க வெல்டிங்கால் கட்டி ஆழ்கடலில் ஓடிய முதல் கப்பல் ‘ஃபுல்லகர்’, இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டில் 1920-ல் மிதந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அதே முறையில் ஆயிரக்கணக்கில் கப்பல்களைக் கட்டியது. லிபர்ட்டி கப்பல்கள் மட்டும் 2,700-க்கு மேல். 1943 ஜனவரி 16 அன்று, போர்ட்லாந்தில் துறையில் கட்டி நிறுத்தியிருந்த ‘ஷெனெக்டடி’ என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத நீரில் பெருஞ்சத்தத்துடன் நடுவில் பிளந்தது. பழியெல்லாம் வெல்டிங்மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜின் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குளிரில் அந்த இரும்பே வளையும் தன்மையை இழந்து உடையக்கூடியதாகிவிடுகிறது என்று காட்டினார். வெல்டிங்குக்கும் ஒரு பங்கு உண்டு. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கூடோ முழுவதும் ஒரே தகடு. விரிசல் ஓடிக்கொண்டே இருக்கலாம். அது பெரும்பாலும் தொடங்குகிற இடம் சதுர மூலைகள்.

சிறு படகு கட்டுகிறவருக்கு இதில் கிடைக்கும் நேரடிப் பாடம், மூலை எதையும் சதுரமாக வெட்டாதே என்பது. மேல்தளத் திறப்பு, ஜன்னல், எஞ்சின் திறப்பு எல்லாவற்றுக்கும் மூலையில் நல்ல வளைவு வேண்டும். கேஸ் கட்டிங் விட்டுச்சென்ற பல்லையும் கிரைண்டரால் மழுக்க வேண்டும். தகட்டை உள்ளிருந்து தாங்கும் நீளவாட்டு ஃபிளாட் (பட்டை இரும்பு) ஒன்று பாதியில் முடிகிறது என்றால் முனையைச் சட்டென்று நறுக்காமல் சரிவாக இறக்கி, முடிந்தவரை ஒரு ஃபிரேமில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தகட்டின் நடுவில் கெட்டியான முனை ஒன்று வந்து நின்றால், அந்த இடத்தில் வருடக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். வெப்பக் கடலில் ஓடும் படகுக்குக் குளிர் பயமில்லை என்றாலும் இந்த அதிர்வு விரிசல் உண்டு. அலுமினியத்தில் இன்னும் அதிகம்.

இனி எழுப்பும் வேலை. சிறு படகுகளைக் கவிழ்த்துக் கட்டுவதே வழக்கம். தகடு தன் எடையாலேயே ஃபிரேம்மீது படியும், வெல்டிங்கில் பெரும்பகுதியைக் குனிந்து செய்யலாம், தலைக்குமேல் கை தூக்கிச் செய்யும் வேலை குறையும். முதலில் தரையில் சேனல் இரும்பால் ஒரு தாங்கு சட்டம். அதன் நடுவில் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை இறுக்கிக் கட்டிய மெல்லிய கம்பி. ஒவ்வொரு ஃபிரேமும் இந்தக் கம்பிக்குச் செங்குத்தாக, ரசமட்டத்துக்கும் தூக்குக்குண்டுக்கும் சரியாக நின்ற பிறகே சட்டத்தோடு பிணைக்க வேண்டும். பின் ஏரா, அணியத் தண்டு, நீளவாட்டு ஃபிளாட்டுகள். ஃபிரேம்களுக்கு மேலாக நீண்ட மரச் சட்டம் ஒன்றை வளைத்துப் பிடித்துக் கண்ணை அதன் நீளத்தில் ஓட்டினால், எந்த ஃபிரேம் துருத்துகிறது, எது உள்வாங்குகிறது என்று தெரியும். இரண்டு மில்லி தவறும் பெயின்ட் அடித்தபின் வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இங்கே ஒரு வாரம் கூடுதலாகப் போனாலும் நஷ்டமில்லை.

வலுவூட்டலுக்கு ஆங்கிளா ஃபிளாட்டா என்ற கேள்வியில் ஃபிளாட்டின் பக்கமே நிற்க வேண்டும். ஆங்கிளின் மடிப்புக்கு உள்ளே பிரஷ் போகாது, நீர் மட்டும் தேங்கும்.

தகடு ஏற்றும் நாள்தான் ஃபிட்டரின் திறமை தெரியும் நாள். ஓரத்தில் தகடு ஃபிரேமோடு ஒட்டாமல் ஆறேழு மில்லி தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று வைப்போம். சம்மட்டியால் அடித்து இறக்கினால் தகட்டில் குழி விழும். பழகியவர் இணைப்புக்குக் குறுக்கே ‘ப’ வடிவக் கிளீட் ஒன்றை, தாழ்ந்து கிடக்கும் தகட்டில் மட்டும் ஒரு பக்கமாக வெல்டிங் செய்து நிறுத்துவார். அதன் கால் தூக்கியிருக்கும் தகட்டின்மேல் பாலமாக நிற்கும். அந்த இடுக்கில் இரும்பு ஆப்பைச் செருகிச் சுத்தியலால் தட்டத் தட்ட, தூக்கிய விளிம்பு மெல்ல இறங்கி மற்றதோடு மட்டமாகும். இரண்டு மில்லி இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பழைய வெல்டிங் ராடின் கம்பியை நுழைத்துப் பார்த்துவிட்டு, “அடி” என்பார். வெல்டர் ஒரு பொட்டு வைப்பார். ஆப்பைத் தட்டி எடுத்து, கிளீட்டை வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து ஓர் அடி அடித்தால் கழன்றுவிடும். அது இருந்த தடத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். 150 மில்லிக்கு ஒரு பொட்டு, பொட்டின் நீளம் 20 முதல் 25 மில்லி.

இந்தக் கட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். அடித்தகடு, பக்கத்தகடு, முடிந்தால் மேல்தளமும் பொட்டில் நின்று முடியும்வரை எந்த இணைப்பிலும் முழு வெல்டிங் ஓட்டக் கூடாது. பொட்டில் நிற்கும் கூட்டில் தவறைத் திருத்தலாம். எல்லாத் தகடும் ஏறிய பின் கூடு தானே ஒரு பெட்டியாகி, வெல்டிங்கின் இழுப்பைத் தாங்கும் வலுவும் வந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டால் ஏராவே பக்கவாட்டில் வளைந்துபோகலாம். அதைச் சரிசெய்ய நடைமுறையில் வழியே இல்லை.

முழு வெல்டிங் தொடங்கியதும் வரிசைதான் எல்லாம். முதலில் கூட்டுக்குள்ளே ஃபிரேமும் ஃபிளாட்டும் சந்திக்கும் இடங்கள். அடுத்து தகடுகளின் குறுக்கு இணைப்புகள், அதற்குப் பிறகே நீள இணைப்புகள். நீள இணைப்பை முதலில் முடித்துவிட்டால் குறுக்கு இணைப்பின் இரு முனைகளும் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். அது சுருங்க இடமில்லாமல் இழுவிசையைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்ளும், சில வேளை விரிசல் விடும். ஒவ்வோர் இணைப்பையும் நடுவிலிருந்து முனைகளை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். அதிலும் ஒரே ஓட்டமாக அல்ல. 100 முதல் 150 மில்லி நீளத் துண்டுகளாகப் பிரித்து, முன்னேறும் திசை ஒன்றாகவும் ஒவ்வொரு துண்டையும் இழுக்கும் திசை அதற்கு எதிராகவும் இருக்கும்படி செய்வது ‘பேக் ஸ்டெப்’ முறை. வலப்பக்கம் ஒரு துண்டு, இடப்பக்கம் அதே இடத்தில் ஒரு துண்டு. இரண்டு வெல்டர்கள் எதிரெதிரே ஒரே நேரத்தில் செய்தால் இன்னும் நல்லது. வெல்டிங் செய்த இடத்தில் வெறும் கையை வைக்கும் அளவுக்குச் சூடு ஆறாமல் அதன் பக்கத்தில் அடுத்ததைத் தொடங்கக் கூடாது. கூலி நாள்கணக்கில் ஓடும்போது இந்தக் காத்திருப்பு வலிக்கும்; வேறு இடத்துக்கு மாறி மாறி வேலை செய்யும்படி முன்னிரவே வரிசையை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் வெல்டர் சும்மா நிற்க நேராது.

தகட்டின் இணைப்பில் இருபுறமும் வெல்டிங் வேண்டும். ஒரு புறம் முடித்தபின் மறுபுறத்தில் கிரைண்டரால் தோண்டி, ஸ்லாக்கும் ஓட்டையும் இல்லாத சுத்த இரும்பு தெரிந்த பிறகே அங்கே ஓட்ட வேண்டும். வெளியே வழவழப்பாக வர வேண்டும் என்று மேல் வெல்டிங்கைத் தகட்டு மட்டத்துக்குத் தேய்ப்பவர்கள், தகட்டையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். அதுபோன்ற பள்ளங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

உள்ளே ஃபிளாட்டைத் தகட்டோடு இணைக்கும்போது நேர்மாறாகக் கஞ்சத்தனம் வேண்டும். 50 மில்லி வெல்டிங், 150 மில்லி இடைவெளி, மறுபக்கத்தில் அந்த இடைவெளிக்கு நேராக அடுத்த 50 மில்லி. குறுக்கு ஃபிரேம்களைத் தகட்டோடு இன்னும் குறைவாகப் பிடித்தாலே போதும். ஃபிளாட்டுகளோடு மட்டும் இணைத்துவிட்டுத் தகட்டைத் தொடாமல் விடும் வடிவமைப்பாளர்களும் உண்டு. ஃபிரேமின் நீளம் முழுக்கத் தொடர்ச்சியாக வெல்டிங் ஓட்டியவர் படகு பட்டினி கிடந்த மாட்டின் விலாவாக வரிவரியாகத் தெரியும். எத்தனை கிலோ பட்டி பூசினாலும் அது மறையாது. எஞ்சின் தாங்கும் இடம், ஏராவின் இணைப்பு, டேங்கின் சுவர், தண்டு வெளியேறும் குழாய் ஆகியவற்றுக்கு மட்டும் இந்தச் சிக்கனம் பொருந்தாது. அங்கே தொடர் வெல்டிங்தான்.

ராடு விஷயத்தில் பட்டறைகளில் வழங்கும் 6013 பொட்டுக்கும் உள்வேலைக்கும் எளிது. வெளித்தகட்டின் இணைப்புகளுக்கு 7018 மேல். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் ராடு. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் புகுந்து விரிசலுக்கு வழி செய்யும். டப்பா திறந்து கடற்கரைக் காற்றில் கிடந்த ராடை 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது சுட்டு, பிறகு சூடான ஓவனிலேயே வைத்து எடுக்க வேண்டும். சிஓ2 வெல்டிங் வேகமானது. திறந்த வெளியில் கடற்காற்று அதன் வாயுவைக் கலைத்து வெல்டிங்கில் ஓட்டை ஓட்டையாக்கிவிடும். இன்னொரு ஆபத்து, மேலே அழகாக விழுந்தாலும் அடியில் தகட்டோடு உருகிச் சேராமல் போவது. இணைப்பைப் போட முதன்முறை உட்காரும் வெல்டரிடம், அதே தடிமனில் இரண்டு துண்டுகளை இணைக்கச் சொல்லி, வைஸில் பிடித்து வளைத்து உடைத்துப் பார்த்துவிடுவது அவருக்கும் படகுக்கும் நல்லது. திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி அளிக்கிறது. கொதிகலன் வேலையில் தேர்ந்த வெல்டர்கள் அந்த ஊர்ப் பக்கம் ஏராளம். தேடுகிறவர் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

அலுமினியத்தில் இதே வேலை வேறு குணம் கொள்கிறது. 5083 என்ற கலப்புலோகத் தகடு ஆறு மில்லியில் சதுர மீட்டருக்கு 16 கிலோதான். மேலே சொன்ன 50 சதுர மீட்டருக்கு 800 கிலோ. பெயின்ட் இல்லாமலேயே கடலில் நிற்கும். ஆனால் சூட்டில் இரும்பைப் போல இருமடங்கு விரியும், சூட்டை வேகமாகக் கடத்தும், அதனால் வளைவும் அதிகம். அதன்மேல் படியும் ஆக்சைடு 2,000 டிகிரிக்கு மேலேதான் உருகும். உலோகமோ 660 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஆகவே வெல்டிங்குக்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடைத்து, வேறெதற்கும் பயன்படுத்தாத ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்க்க வேண்டும். 5083-க்கு 5183 அல்லது 5356 கம்பி. பட்டறையில் கிடக்கும் 4043-ஐ இதற்குப் போட்டால் இணைப்பு உடையக்கூடியதாகும்.

கூட்டுக்குள்ளே வெல்டிங் செய்கிறவரின் உயிரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுற்றிலும் இரும்பு, உடம்பெல்லாம் வியர்வை, கையில் மின்சாரம். டிசி மெஷின், காய்ந்த கையுறை, கீழே ரப்பர் விரிப்பு, வெளியே மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் என்பது கட்டாயம். அலுமினிய வெல்டிங்கில் பயன்படும் ஆர்கான் வாயு காற்றைவிடக் கனமானது. அடிப்பகுதியில் தேங்கினால் மணமும் நிறமும் காட்டாமல் மூச்சை நிறுத்திவிடும். ஆகவே புகையை உறிஞ்சும் குழாயும் புதுக்காற்று தரும் புளோயரும் இரண்டும் வேண்டும். வெல்டிங் புகையைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வகைப்படுத்திவிட்டது. வெறும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை எந்த முதலாளியும் அனுமதிக்கக் கூடாது.

துரு பெரும்பாலான இரும்புப் படகுகளை உள்ளிருந்தே தின்கிறது. வெளிப்பக்கம் ஆண்டுதோறும் கண்ணில் படுகிறது. பலகைக்கு அடியில் தேங்கிய நீர் படுவதில்லை. அதனால் ஃபிரேம்களைப் பொருத்தும் முன்பே அவற்றின் அடியில் நீர் வழிய அரைவட்ட ஓட்டைகள் வெட்டிவிட வேண்டும், விரல் தாராளமாக நுழையும் அளவில். பிறகு செய்தால் ஓரங்களைச் சுத்தமாகத் தேய்க்கக் கை போகாது, அங்கே பெயின்ட் நிற்காது.

கூடு முடிந்ததும் முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, பின் பிளாஸ்டிங். கறுப்பு மில் ஸ்கேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தகட்டின்மேல் எதைப் பூசினாலும் உரியும். சாதாரண ஆற்று மணலால் அடிப்பது வேலையாளின் நுரையீரலைக் கெடுக்கும். தென்மாவட்டக் கடற்கரை மணலில் கலந்திருக்கும் கார்னெட் போன்ற கடினத் துகள்தான் இதற்கு ஏற்றது. தகடு எஸ்ஏ 2½ என்ற தரத்துக்குச் சாம்பல் வெள்ளையாக வந்தவுடன், அன்றே, துரு பூக்கும் முன், எபாக்சி பிரைமர். தகட்டின் சூடு பனிப்புள்ளியைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் விடியற்காலையில் அது வாய்ப்பதில்லை. கேட்டிலும் கிராதியிலும் அடிக்கும் ரெட் ஆக்சைடு நீருக்கடியில் தாங்காது.

பெயின்டுக்கு முன்பே கசிவுச் சோதனை முடிந்திருக்க வேண்டும். வெளிப்பக்க இணைப்புகளில் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, உள்பக்கத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சில மணி நேரம் காத்திருந்தால், ஊசித்துளை இருக்கும் இடத்தில் வெள்ளையில் பழுப்புப் புள்ளி தெரியும். அதைச் சுற்றிக் குறியிட்டு, தோண்டி, மண்ணெண்ணெயை முற்றிலும் துடைத்துவிட்டு மறுபடி வெல்டிங். டேங்குகளுக்குக் காற்றடைத்துச் சோப்புத் தண்ணீர் பூசுவார்கள். அழுத்தம் 0.2 பார் தாண்டக் கூடாது. அந்த அளவிலேயே சதுர மீட்டருக்கு இரண்டு டன் விசை சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

கடைசியாக அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள். கடல்நீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம். அவை கூட்டின் இரும்போடு நேரடியாகத் தொட வேண்டும். போல்ட் வைத்துப் பொருத்தினால் அடியில் பெயின்ட் இருக்கக் கூடாது. கட்டிகளை மாஸ்கிங் தாளால் மூடிவிட்டே மற்ற இடங்களுக்குப் பூச்சு அடிக்க வேண்டும். அவற்றின்மேல் பெயின்ட் பட்டுவிட்டால் கட்டி கரையாது, அதன் பங்குக்குக் கூட்டின் இரும்பு கரையும்.